கதவைத் திறக்கும் இரகசிய எண்



பொழுது சாய்ந்து, குளித்து முடித்து, வானொலிக்கு அருகில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வீட்டுப் பாடத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் காது கொடுக்கும் பிள்ளைகளே! இன்று பூட்டையும் சாவியையும் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் கைக்குள் அடங்கும் புதுமாதிரிச் சாவியான ரிமோட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பூட்டுக்கும் நமக்கும் என்ன பெரிய உறவு என்று சிலர் கேட்கலாம். அன்று லயத்து வீட்டில் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனோம். அந்தப் பாட்டியே நமக்குப் பெரிய பூட்டாக இருந்தார். புது முகம் ஒன்று லயத்துப் பக்கம் வந்தால், "யாருப்பா நீ? யாரத் தேடுற?" என்று கேட்காமல் விடமாட்டார்.

இன்றோ நம் பிள்ளைகளில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டனர். அங்கே வாசலில் இரும்புக் கதவு இருக்கிறது. மகன் காரில் அமர்ந்தபடியே சின்னப் பெட்டி ஒன்றின் பொத்தானை அழுத்துகிறான். ஆட்டோ கேட் தானாகத் திறந்துகொள்கிறது. பார்க்கச் சென்ற தாய்க்கும் தகப்பனுக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கதவுக்கு நம் மகனை எப்படித் தெரிந்தது? வேறொருவன் வந்து பொத்தானை அழுத்தினால் திறக்காது என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் ஒரு நீண்ட வரலாறு நம் முன்னே விரியும்.

என்னை இவ்விஷயத்தில் சிந்திக்க வைத்தவர் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர். பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு, வேறொருவர் குடியிருந்த வீட்டை வாங்கினார். விற்றவர் சாவிக்கொத்தையும் இரண்டு ரிமோட்டுகளையும் கையில் கொடுத்தார். புது உரிமையாளர் முதல் வேலையாகக் கதவுப் பூட்டுகளை எல்லாம் மாற்றினார். ரிமோட் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கேட் அகலத் திறந்து கிடந்தது. காருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை, கம்பி வளைக்கப்படவில்லை. பிறகு விசாரித்தபோதுதான், முன்பு அந்த வீட்டில் ஐந்து ரிமோட்டுகள் புழங்கிய செய்தி தெரிந்தது. மற்ற மூன்று யார் கையில் இருந்தன என்று எவருக்கும் தெரியாது. "சார், வீட்டை வாங்கினேன், கதவை வாங்கவில்லை போலிருக்கிறது" என்று அவர் சொன்ன சொல் என் மனத்தில் தைத்துவிட்டது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

பூட்டு என்பது இரண்டு வேலைகளைச் செய்யும் பொருள். ஒன்று, தடுப்பது. மற்றொன்று, அடையாளம் காண்பது. தடுப்பதற்குக் கனமான மரமும் இரும்பும் போதும். அடையாளம் காண்பதற்கு ஓர் இரகசியம் வேண்டும். அந்த இரகசியத்தின் ஒரு பாதி பூட்டினுள் இருக்கும். மறுபாதி சாவியில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். இந்த ஓர் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பண்டைக்கால மரப்பூட்டும் புரியும். இக்கால ரிமோட்டும் புரியும்.

பண்டை எகிப்தியர் பயன்படுத்திய மரப்பூட்டைப் பாருங்கள். கதவின் குறுக்கே ஒரு மரத்தாழ்ப்பாள். அதில் சில துளைகள். தாழ்ப்பாளைத் தள்ளி மூடியதும் மேலிருந்து சிறு மரமுளைகள் துளைகளில் விழுந்து அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். சாவியும் மரத்தால் ஆனதுதான். பல் துலக்கும் பிரஷ்ஷைப் போல அதன் நுனியில் முளைகள் நிற்கும். சாவியை உள்ளே விட்டு மேலே தூக்கினால், அந்த முளைகள் பூட்டின் முளைகளைத் தள்ளிவிடும், தாழ்ப்பாள் நகரும். முளைகள் எத்தனை, எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே அந்தப் பூட்டின் இரகசியம்.

அங்கிருந்து இங்கிலாந்துக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைகளும் வணிகமும் பெருகின. செல்வம் பெருகிய இடத்தில் திருட்டும் பெருகியது. 1778-இல் ராபர்ட் பாரன் என்பவர் ஒரு புதிய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் மட்டுமே பூட்டு திறக்கும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. 1784-இல் ஜோசப் பிராமா என்பவர் இன்னும் நுட்பமான பூட்டு ஒன்றைச் செய்தார். அவருக்குத் தம் பூட்டின்மேல் எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? லண்டனில் தம் கடையின் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைச் சாவியின்றித் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பரிசை எவரும் வெல்லவில்லை.

இதற்கிடையில் 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருட்டு நடந்தது. அதன் பிறகு 1818-இல் ஜெரமையா சப் என்பவர் ஒரு புதுமையைக் கொண்டுவந்தார. அவருடைய பூட்டை வேறு சாவியால் திறக்க முயன்றால், அது உள்ளுக்குள் இறுகிக்கொள்ளும். பிறகு உரிமையாளர் வந்து தம் சாவியைப் போடும்போது, "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று அவருக்குத் தெரிந்துவிடும். திருடனைத் தடுத்ததோடு, திருட முயன்ற செய்தியையும் அந்தப் பூட்டு சொல்லிவிட்டது. எவ்வளவு நல்ல எண்ணம், பார்த்தீர்களா!

1851-ஆம் ஆண்டில் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டுத் தொழிலாளர் வந்தார். ஆங்கிலேயர் பெருமையோடு காட்டிய சப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்துவிட்டார். அடுத்து பிராமாவின் சன்னல் பூட்டுக்குப் போனார். 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் பொறுமையாக உழைத்து அதையும் திறந்துவிட்டார். 200 கினி அவருக்குக் கிடைத்தது. லண்டன் மக்கள் திகைத்துப் போனார்கள்.

அப்பொழுது ஒரு வாதம் எழுந்தது. பூட்டின் குறையை இப்படி ஊரறியச் சொல்லலாமா? திருடர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக ஆகாதா? ஹாப்ஸ் தரப்பினர் சொன்ன பதில் இதுதான்: திருடர்கள் தங்கள் தொழிலை நன்றாகவே அறிந்தவர்கள்; அவர்களுக்கு நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. அறியாமல் இருப்பவர் பூட்டை நம்பித் தூங்கும் உரிமையாளர்தான். ஆகவே குறையைச் சொல்வது அவருக்குத்தான் நன்மை. நேயர்களே, இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் இந்தப் பேச்சைப் பேசுவதற்கும் அதுவே காரணம்.

அதன்பின் அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற இளையவர், 1861-இலும் 1865-இலும் பெற்ற காப்புரிமைகளால் பூட்டுத் தொழிலையே மாற்றிவிட்டார். எகிப்தியரின் விழும் முளை என்ற அதே பழைய எண்ணத்தை எடுத்து, சிறு உருளைக்குள் உலோக முளைகளாக அமைத்தார். அவற்றைத் தூக்குவதற்கு ஒரு பக்கம் பல்பல்லாக வெட்டிய தட்டையான சிறு சாவி. இன்று நம் இடுப்பிலும் சட்டைப்பையிலும் இருக்கும் சாவி அதன் வழிவந்ததுதான். அந்தச் சாவியின் ஒவ்வொரு வெட்டையும் ஓர் எண்ணாகக் கருதலாம். முதல் வெட்டு ஆழம் 3, அடுத்தது 5, அடுத்தது 1 என்று சொல்லிவிட்டால், பூட்டுக்காரர் பழைய சாவியைப் பார்க்காமலேயே புதிய சாவி வெட்டித் தந்துவிடுவார். அதாவது, சாவி என்பது இரும்பு அன்று. அது ஓர் இரகசிய எண். இரும்பு அந்த எண்ணைச் சுமக்கும் வாகனம்தான்.

இனி 20-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் கார்கள் பெருகின. அவற்றை மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காக்க வீட்டோடு கார்க் கொட்டகை கட்டினார்கள். அதன் கதவோ பெரியது, கனமானது, பக்கவாட்டில் திறக்கும். குளிர்காலத்தில் பனி குவிந்தால் அதைத் திறப்பது பெரும்பாடு. 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர், பல பலகைகளாகப் பிரிந்து மேல்நோக்கிச் சுருண்டு ஏறும் கதவை உருவாக்கினார். 1926-இல் அதை மின்சாரத்தால் தூக்கும் இயந்திரத்தையும் செய்தார். வயதானவரும் உடல் வலிமை குறைந்தவரும் கனமான கதவைத் திறக்க அது வழி செய்தது. ஆனால் பொத்தானை அழுத்தக் காரைவிட்டு இறங்கத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், காரில் இருந்தபடியே வானொலி அலை அனுப்பிக் கதவைத் திறக்கும் கருவிகள் அமெரிக்க வீடுகளில் பரவத் தொடங்கின. வானொலி அலை என்றால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்தப் பேச்சையே அதன் தயவால்தானே கேட்கிறீர்கள்! ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை ஊரிலுள்ள வானொலிப் பெட்டிகள் எல்லாம் வாங்கிக்கொள்கின்றன அல்லவா? அங்கும் அதே நிலைதான். தொடக்க காலக் கருவிகளில் இரகசியம் என்று எதுவும் இல்லை. குறிப்பிட்ட அலை வந்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான். ஒருவர் தம் வீட்டுப் பொத்தானை அழுத்தினால், அதே வகைக் கருவி வைத்திருந்த அண்டை வீட்டுக் கதவும் திறந்துகொண்டது. தடுக்கும் வேலையைக் கதவு செய்தது. அடையாளம் காணும் வேலையைச் செய்ய எவரும் இல்லை.

இதற்கு மாற்றாக 1970-களில் பரவியதுதான் சுவிட்சு வரிசை. ரிமோட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே அரிசி மணி அளவில் சிறு சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். கதவு இயந்திரத்திலும் அதே போன்ற வரிசை இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி மேலும் கீழுமாக வைத்துவிட வேண்டும். ரிமோட் அந்த வரிசையை அலையில் ஏற்றி அனுப்பும், இயந்திரம் தன் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்திருந்தால் திறக்கும். நம் நாட்டில் ஆட்டோ கேட்டுகள் பலவற்றிலும் இந்த முறையைக் காணலாம்.

பிள்ளைகளே, இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு சுவிட்சுக்கு மேல், கீழ் என இரண்டு நிலைகள். இரண்டு சுவிட்சு என்றால் நான்கு விதமாக வைக்கலாம். மூன்று என்றால் எட்டு. ஒவ்வொரு சுவிட்சு கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிக்கும். எட்டு சுவிட்சுக்கு 256. பத்துக்கு 1,024. பன்னிரண்டுக்கு 4,096. சில கருவிகளில் ஒரு சுவிட்சுக்கு மூன்று நிலைகள் உண்டு. அங்கே எட்டு சுவிட்சுக்கு 6,561 வரும்.

4,096 என்பது பெரிய எண் போலத் தோன்றும். ஆனால் அதில் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, மனிதனின் சோம்பல். தொழிற்சாலையில் எப்படி வைத்து அனுப்பினார்களோ, அப்படியே பலர் விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் ஒரே எண் என்றால் இரகசியம் ஏது? இரண்டாவது, இயந்திரத்தின் வேகம். மனிதன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் களைத்துப் போவான், இயந்திரம் களைக்காது. மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது: ரிமோட் ஒவ்வொரு முறையும் அதே எண்ணைத்தான் சொல்கிறது. வானொலி அலை வேலியைத் தாண்டிச் செல்லும். தெருவில் ஒருவன் தகுந்த கருவியோடு நின்று அந்த அலையைப் பிடித்து வைத்துக்கொண்டால், நாம் போனபின் அதையே திரும்ப அனுப்பிக் கதவைத் திறந்துவிடலாம். சாவி நம் சட்டைப்பையில் இருக்கும்போதே அதன் நகல் அவன் கைக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக முடியாது. திருடனைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கனமான தானியங்கிக் கதவுகளின் கீழே சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். விளையாட்டாகப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு இறங்குவதற்குள் கீழே புகுந்து ஓடுவது சில பிள்ளைகளின் பழக்கம். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1993 சனவரி முதல் தேதிக்குப் பிறகு அங்கே வீடுகளுக்காகச் செய்யப்படும் கருவிகளில், தடை ஏதும் பட்டால் கதவு தானே நின்று மேலே திரும்ப வேண்டும். அத்துடன் கீழே ஆள் இருப்பதை உணரும் ஒளிக்கண் போன்ற இரண்டாவது காவலும் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீட்டைக் காக்கும் கதவு வீட்டுப் பிள்ளையைக் கொல்லக் கூடாது. எவ்வளவு எளிய நீதி! அது சட்டமாவதற்குள் எத்தனை தாய்மார் கண்ணீர் வடிக்க வேண்டியிருந்தது!

மீண்டும் இரகசிய எண்ணுக்கு வருவோம். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் குறை என்றால், ஒவ்வொரு முறையும் புது எண் சொன்னால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் மாறும் எண் முறை. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் நானோடெக் என்ற நிறுவனத்தில் கீலாக் என்னும் முறை உருவாயிற்று. 1995-இல் மைக்ரோசிப் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. கார்களிலும் கதவுக் கருவிகளிலும் அது பரவியது. 1990-களில் அமெரிக்கக் கதவு நிறுவனங்கள் தங்கள் சொந்த மாறும் எண் முறைகளையும் கொண்டுவந்தன.

அது எப்படி வேலை செய்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். கிராணியிடம் ஒரு புத்தகம். உங்களிடம் ஒரு புத்தகம். இரண்டும் அச்சாக ஒன்றே. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இரகசியச் சொல். இன்று முதல் பக்கத்துச் சொல்லைச் சொல்லி உள்ளே வருகிறீர்கள். இருவரும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறீர்கள். நாளைக்கு அடுத்த பக்கம். நேற்றைய சொல்லை ஒட்டுக்கேட்டவன் இன்று வந்து அதைச் சொன்னால், "அது பழைய சொல், போய் வா" என்று கிராணி விரட்டிவிடுவார். வீட்டுக் குழந்தை வெளியூரில் ரிமோட்டை வைத்து விளையாடி நாலைந்து தடவை அழுத்திவிட்டால் என்ன ஆகும்? உங்கள் புத்தகத்தில் நாலைந்து பக்கங்கள் முன்னே போயிருக்கும். அதனால்தான் இயந்திரம் அடுத்து வரவேண்டிய சில எண்களையும் சேர்த்தே பார்த்து, பொருந்தினால் ஏற்றுக்கொள்கிறது. முன்னே போகலாம், பின்னே வரக் கூடாது. அதுவே விதி.

இதோடு கதை முடிந்ததா? முடியவில்லை. கள்ளன் பெரிதா, காப்பான் பெரிதா என்ற பழமொழி நம்மிடம் உண்டல்லவா?

2004-ஆம் ஆண்டில் இரண்டு சுவையான நிகழ்ச்சிகள் நடந்தன. ஃபுளோரிடாவில் எக்லின் விமானப் படைத் தளத்தில் புதிய வானொலித் தொடர்புக் கருவிகளைச் சோதித்தபோது, சுற்றுவட்டார வீடுகளில் ரிமோட்டுகள் வேலை செய்யாமல் போயின. அந்த அலைவரிசை உண்மையில் இராணுவத்துக்கு உரியது. வீட்டு ரிமோட்டுகள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தவை. ஆகவே முறையிட வழியில்லை. இரவல் இடத்தில் குடியிருப்பவன் எப்பொழுது வேண்டுமானாலும் எழுப்பப்படலாம் என்பது தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மற்றொன்று ஒரு வழக்கு. சேம்பர்லைன் என்ற நிறுவனம் செய்த கதவு இயந்திரத்துக்குப் பொருந்தும் ரிமோட்டை ஸ்கைலிங்க் என்ற வேறு நிறுவனம் செய்து விற்றது. இது எங்கள் பூட்டை உடைப்பதற்குச் சமம் என்று முதல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 ஆகஸ்டில் அதை ஏற்க மறுத்தது. பணம் கொடுத்துக் கதவை வாங்கியவருக்குத் தம் கதவைத் தாம் விரும்பும் ரிமோட்டால் திறக்க உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். கதவு யாருடையதோ, சாவியும் அவருடையதே.

2008-இல் ஜெர்மனியில் போகும் நகரத்து ருர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கீலாக் முறையின் இரகசியத்தை வெளிக்கொணர முடியும் என்று காட்டினர். 2015-இல் சாமி கம்கார் என்ற அமெரிக்கர், கடைகளில் விற்பனை நிறுத்தப்பட்ட ஒரு குழந்தை விளையாட்டுச் சாமானை மாற்றியமைத்து, பழைய சுவிட்சு வகைக் கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார். சாத்தியமான எண்களை எல்லாம் வழக்கமான முறையில் அனுப்பினால் ஏறத்தாழ அரைமணி நேரம் பிடிக்கும் வேலை அது. பழைய இயந்திரங்கள் எண்ணின் தொடக்கம் எது, முடிவு எது என்று பாராமல் கடைசியாக வந்ததை மட்டுமே பார்ப்பவை என்பதால், எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அனுப்பிவிடலாம். அந்தக் கணக்கு முறை டி புரூய்ன் என்ற டச்சுக் கணித அறிஞரின் பெயரால் வழங்குகிறது. அதே ஆண்டில், மாறும் எண் முறையையும் ஏமாற்றும் வழி ஒன்றை அவர் செய்து காட்டினார். ஹாப்ஸ் செய்ததைப் போலவே அவரும் குறையை ஊரறியச் சொன்னார். நோக்கமும் அதுவே: உரிமையாளர் விழித்துக்கொள்ள வேண்டும்; நிறுவனங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, இவ்வளவு வரலாற்றையும் கேட்டபின், "நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியது மிகவும் எளிது.

பிறர் குடியிருந்த வீட்டுக்குக் குடிபோனாலோ, ரிமோட் காணாமற் போனாலோ, ரிமோட் இருந்த கார் திருட்டுப் போனாலோ, வேலையாளிடமோ வாடகைக்காரரிடமோ கொடுத்த ரிமோட் திரும்பி வராவிட்டாலோ, அன்றைக்கே பழைய எண்ணை அழித்துவிடுங்கள். சுவிட்சு வகையாக இருந்தால், இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் வரிசையைப் புதிதாக மாற்றி, ரிமோட்டிலும் அதேபோல் வைக்க வேண்டும். எல்லாம் மேலே, எல்லாம் கீழே, ஒன்றுவிட்டு ஒன்று என்று எவரும் ஊகிக்கும்படி வைக்காதீர்கள். மாறும் எண் வகையாக இருந்தால், இயந்திரத்தில் ரிமோட்டுகளைப் பழக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். பல கருவிகளில் அதைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால், விளக்கு அணைந்து, அதுவரை பழகிய ரிமோட்டுகள் எல்லாம் மறக்கப்பட்டுவிடும். பிறகு உங்கள் கையில் உள்ளவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். கருவிக்குக் கருவி முறை மாறும். கருவியோடு வந்த குறிப்பைப் பாருங்கள், அல்லது ஆட்டோ கேட் பொருத்துபவரைக் கூப்பிடுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று, எத்தனை ரிமோட்டுகளைப் பழக்குகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சுவிட்சு வகை ரிமோட்டுக்குச் சாவிக் கடையில் சில நிமிடங்களில் நகல் செய்துவிடலாம் என்பதையும் மறவாதீர்கள். காரை வெளியே நிறுத்தும்போது ரிமோட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டு வைக்காதீர்கள். அதிலும் வீட்டு முகவரி எழுதிய காகிதத்தோடு சேர்த்து வைக்கவே கூடாது. பிள்ளைகள் கையில் ரிமோட்டை விளையாடக் கொடுக்காதீர்கள். நகரும் கேட்டில் தொங்கவும் விடாதீர்கள். கேட் திறந்தாலும் உள்ளே வீட்டுக் கதவு தனியே பூட்டியிருக்கட்டும். ஒரே பூட்டை நம்பி எல்லாவற்றையும் வைப்பது அறிவுடைமை ஆகாது.

என் பழைய மாணவர் இப்பொழுது இயந்திரத்தையே மாற்றிவிட்டார். அவர் வீட்டில் இருப்பவை மூன்று ரிமோட்டுகள். எது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். இன்னொரு காரியமும் செய்தார். இரு பக்கத்து அண்டை வீட்டாரிடமும் போய்த் தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். அந்த வீடுகளில் ஒன்றில் ஒரு சீன மூதாட்டி. இவர்கள் வீட்டு வாசலில் புது ஆள் நின்றால், சன்னல் வழியாகக் குரல் கொடுத்து விசாரிக்கிறாராம்.

எகிப்தியரின் மரமுளை முதல் இன்றைய மாறும் எண் வரை மனிதன் எத்தனையோ பூட்டுகளைச் செய்துவிட்டான். எந்தப் பூட்டும் என்றைக்கும் வெல்ல முடியாததாக இருந்ததில்லை. தன் சாவி எத்தனை, அவை யார் கையில் இருக்கின்றன என்று அறிந்த வீட்டுக்காரரே பாதுகாப்பானவர். இன்று இரவு உங்கள் வீட்டிலோ உங்கள் பிள்ளைகள் வீட்டிலோ அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால், நாளை காலையிலேயே எண்ணை மாற்றிவிடுங்கள்.